ரெயினிங்குக்கு எந்தக் குதிரை: இளங்குட்டியா, பழகிய குதிரையா?

ரெயினிங் என்னும் அமெரிக்கக் குதிரைச் சவாரிப் போட்டியில் இறங்க முடிவு செய்து முதல் குதிரையைத் தேடத் தொடங்கும் ஒருவருக்கு அமெரிக்காவில் நான்கு வழிகள் இருக்கின்றன. முதுகில் இன்னும் ஆள் ஏறாத இரண்டு வயதுக் குட்டியை வாங்கி முதலிலிருந்து பழக்கலாம். பயிற்சியாளர் ஒருவரிடம் பாதித் தூரம் வந்து, பெரிய போட்டிக்கு எட்டாது என்று விற்பனைக்கு வந்த மூன்று, நான்கு வயதுக் குதிரையை வாங்கலாம். எட்டு வயதைத் தாண்டிப் பல களங்களைப் பார்த்துவிட்ட குதிரையை வாங்கலாம். அல்லது, ஏற்கெனவே தம் கொட்டடியில் நிற்கும் குதிரையையே இந்த வேலைக்குத் திருப்பலாம். பைலட் பாயின்ட், ஆப்ரி, வைட்ஸ்பரோ என்று குதிரைப் பண்ணைகள் நெருங்கிக் கிடக்கும் வட டெக்சாஸ் ஊர்களில் பல ஆண்டுகளாக நான் சவாரி செய்கிறேன். இதைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வழியை மனத்தில் உறுதி செய்துகொண்டே வருகிறார்கள். அவர்களை மூன்றாம் வழிக்குத் திருப்பவே இதை எழுதுகிறேன். ஆனாலும் மற்ற மூன்று வழிகளும் யாருக்குச் சரிப்படும் என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது.

குதிரையை மதிப்பிடும் முன், அதனிடம் நாம் எதைக் கேட்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ரெயினிங், அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப் பண்ணை வேலையிலிருந்து பிறந்தது. மந்தையை விட்டுப் பிரியும் மாட்டை மறிக்க, குதிரை முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, பின்கால்களின் மேல் உடலைத் திருப்பி, வந்த வழியே பாய வேண்டியிருந்தது. ஓட்டியின் ஒரு கை சுருக்குக் கயிற்றில் இருந்ததால், இவ்வளவும் மற்றொரு கையில் தளர்வாகப் பிடித்த லகானைக் கொண்டே நடக்க வேண்டியிருந்தது. அந்த வேலைதான் இன்று மாடு இல்லாத களத்தில், எண்ணிட்ட அமைப்புகளாக, அதாவது செயல்களின் வரிசைகளாக, வகுக்கப்பட்டு, நடுவர் முன் செய்து காட்டப்படுகிறது. குவார்ட்டர் ஹார்ஸ் என்னும் குதிரையினத்துக்கான அமெரிக்கச் சங்கம் இதை 1949-இல் போட்டியாக ஏற்றுக்கொண்டது. தேசிய ரெயினிங் குதிரைச் சங்கம் 1966-இல் தொடங்கி, அதே ஆண்டில் ஒஹாயோ மாநிலத்தில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான முதல் ஃபியூச்சுரிட்டியை நடத்தியது. இப்போது அந்தப் போட்டி ஓக்லஹோமா சிட்டியில் நடக்கிறது.

பெரிய வட்டங்களை வேகமாகவும் சிறிய வட்டங்களை மெதுவாகவும் ஓடுவது, வட்டம் மாறும் நடுப்புள்ளியில், பாய்ச்சலில் முன்னே எட்டு வைக்கும் முன்னணிக் காலை மாற்றுவது, நின்ற இடத்தில் நான்கு சுற்றுச் சுழல்வது, நேரே ஓடிப் பின்கால்களில் சறுக்கி நிற்பது, நின்ற வேகத்திலேயே அரைவட்டம் திரும்பிப் பாய்வது, நேராகப் பின்வாங்குவது, கடைசியில் அசையாமல் நிற்பது ஆகியவையே இதில் வரும் செயல்கள். நம் பழைய இலக்கியம் குதிரையின் ஓட்டவகையைக் கதி என்றும், அது வளைந்து சுற்றும் ஓட்டத்தைச் சாரி என்றும் தனித்தனியே பெயரிட்டு மதித்தது. அந்தக் கண்ணோடு பார்க்கிற தமிழ் வாசகருக்கு இந்த விளையாட்டு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

மதிப்பெண் போடும் முறை, எந்தக் குதிரையை வாங்குவது என்ற கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. குதிரை களத்துக்குள் வரும்போது அதன் கணக்கில் 70 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு செயலும் பிழையின்றிச் சாதாரணமாக முடிந்தால் பூச்சியம். நன்றாக இருந்தால் அரைப் புள்ளி, மிக நன்றாக இருந்தால் ஒரு புள்ளி என்று கூடும். மோசமாக இருந்தால் அதே அளவில் குறையும். இதற்கு வெளியே தண்டனைப் புள்ளிகள் தனியாக உண்டு. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மின்னல் போன்ற இளங்குதிரை ஒன்று இரண்டு நிறுத்தங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளியும், இரண்டு சுழற்சிகளில் அரை அரைப் புள்ளியும் பெற்று மூன்று புள்ளிகளைச் சேர்க்கிறது. ஆனால் சுழற்சியின் நடுவில் ஒருமுறை உறைந்து நின்றதற்கு இரண்டு புள்ளி, குறித்த இடத்தை எட்டில் ஒரு சுற்றுக்குள் தாண்டியதற்கு அரைப் புள்ளி, வட்டத்தின் கால்பகுதியைத் தவறான முன்னணிக் காலில் ஓடியதற்கு ஒரு புள்ளி என்று மூன்றரையை இழக்கிறது, முடிவு 69½. எதிலும் மின்னாமல், எதிலும் தவறாமல் வந்த வயதான குதிரைக்கு 70. சுழற்சியில் குறித்த இடத்தைக் கால் சுற்றுக்கு மேல் தாண்டிவிட்டால் மொத்த மதிப்பெண்ணே பூச்சியமாகிவிடும். ஒரு கையால் ஓட்ட வேண்டிய இடத்தில் பதற்றத்தில் இரண்டாவது கை லகானைத் தொட்டாலும் அதே கதிதான். புதிய ஓட்டி தன் முதல் இரண்டு ஆண்டுகளில் இழக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி இத்தகையவை. குதிரையின் பெருமிதமான சறுக்கலால் அவற்றை ஈடுகட்ட முடியாது. குதிரையின் பொறுமையால்தான் முடியும்.

ஆகவே மதிப்பீட்டில் மனத்தை உடலுக்கு முன்னே வைக்கிறேன். ரெயினிங் விதிநூலின் மையக் கருத்து, குதிரை வெளியே தெரியும் எதிர்ப்பு ஏதுமின்றி மனமுவந்து வழிநடத்தப்பட வேண்டும் என்பது. மனமுவந்து என்ற சொல்லை நான் கவனமாகவே எழுதுகிறேன். வழிநடத்தப்படும் குதிரைக்கும் அடக்கப்பட்ட குதிரைக்கும் உள்ள வேறுபாடு காதிலும் வாலிலும் தெரிந்துவிடும். கால் தொடும்போதெல்லாம் வாலைச் சுழற்றி அடிப்பது, காதுகளைப் பின்னால் ஒட்டவைப்பது, வாயைப் பிளந்து கடிவாளத்தை விட்டு விலகுவது ஆகியவை, இந்தக் குதிரையிடம் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டார்கள் என்பதற்கு அடையாளம். மாறாக, நிறுத்திய பின் தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, பெருமூச்சு விடுகிற குதிரை, நிற்பதை ஓய்வு என்று கற்றிருக்கிறது. அந்த ஒரு பாடம் உள்ளே பதிந்திருந்தால் மற்றவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உடலமைப்பில் பார்க்க வேண்டியவை சிலவே. ரெயினிங் குதிரை பெரியதாக இருக்க வேண்டியதில்லை. தோளுயரம் 14 கை முதல் 15 கை வரை, அதாவது 56 அங்குலத்திலிருந்து 60 அங்குலம் வரை இருப்பவையே மிகுதி. முதுகு குட்டையாகவும், இடுப்பு அகன்றும், பின்காலின் நடுவே பின்னோக்கி மடியும் ஹாக் என்னும் மூட்டு தரைக்கு அருகில் தாழ்ந்தும் இருந்தால், நிறுத்தத்தில் உட்காருவது எளிது. கழுத்து தோளிலிருந்து ஓரளவு தாழ்வாகப் புறப்பட்டு, தாடைக்குக் கீழே மெலிந்திருந்தால் தலையை மென்மையாகத் தாழ்த்த முடியும். பின்காலைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது சற்று அரிவாள் போல் வளைந்திருப்பதை வேறு துறையினர் குறையென்பார்கள். இங்கே அந்த வளைவு காலை உடலுக்கு அடியில் செருக உதவுவதால் சிறிய அளவில் பொறுத்துக்கொள்கிறார்கள்; அதிகமானால் அதே மூட்டுதான் முதலில் தேயும்.

வம்சப் பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹாலிவுட் டன் இட், டாப்சேல் விஸ், ஸ்மார்ட் சிக் ஒலீனா, 2002 ஃபியூச்சுரிட்டியில் ஷான் ஃப்ளாரிடா ஓட்டி வென்ற விம்பீஸ் லிட்டில் ஸ்டெப் முதலிய பெயர்கள் வம்சாவளித் தாளில் இருந்தால் விலை ஏறும். அந்தத் தாள் குட்டியின் வாய்ப்பைச் சொல்லும். குட்டி என்ன ஆகியிருக்கிறது என்பதைச் சொல்லாது. என் பார்வையில் அந்தத் தாளைவிட முக்கியமானது மரபணுச் சோதனை அறிக்கை. குவார்ட்டர் ஹார்ஸ் இனத்தில் ஆறு மரபணு நோய்களுக்கு ஒரே தொகுப்பாகச் சோதிக்கலாம். அவற்றில் ஹெர்டா என்ற தோல் நோய், போகோ புவேனோ என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையின் வழியில் வந்தது. மாட்டு வேலைக்கும் ரெயினிங்குக்கும் வளர்க்கப்படும் வம்சங்களில்தான் அது மிகுதி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் மட்டுமே நோய் வெளிப்படும். பெரும்பாலும் இரண்டு வயதில் சேணம் ஏற்றத் தொடங்கும்போதுதான் முதுகுத் தோல் பிரிந்து புண்ணாவது தெரியவரும். அதற்கு மருந்து கிடையாது. இளங்குட்டியை வாங்குகிறவர் கைவிடவே கூடாத தாள் அந்தச் சோதனை அறிக்கை.

இனி முதல் வழி. இரண்டு வயதுக் குட்டியை எப்படிப் பார்ப்பது? அறுபது அடி விட்டமுள்ள வட்ட வேலிக்குள் அதைத் தனியாக விட்டுவிட்டு, துரத்தாமல், மெல்ல முன்னே நகர்ந்து அதன் வழியை மறியுங்கள். ஒரு குட்டி தலையை உயர்த்தி, முன்கால்கள் இரண்டையும் ஊன்றி, முட்டி மோதி நின்று, தோளால் தன்னை இழுத்துத் திருப்பும். இன்னொன்று இடுப்பைத் தாழ்த்தி, பின்கால்களை அடியில் வாங்கி, முன்பாகம் இலேசாகத் தரையை விட்டு எழும்படி வேலியை நோக்கி உருண்டு திரும்பும். இரண்டாவது குட்டிக்கு யாரும் எதுவும் கற்பிக்கவில்லை. அதன் உடல் அப்படித்தான் யோசிக்கிறது. திசை மாறும்போது முன்னணிக் காலைத் தானாகவே மாற்றிக்கொள்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இந்தக் கால் மணி நேரத்தில் தெரிவது ஏலக்கூட வெளிச்சத்தில் தெரியாது.

அடுத்தது காலக்கணக்கு. குதிரைகளுக்கு வயது ஜனவரி 1 அன்று கூடுகிறது. 2022 மே மாத இறுதியில் பிறந்த குட்டி, 2024 ஜனவரியில் தாளின்படி இரண்டு வயது. உண்மையில் அதற்குப் பத்தொன்பது மாதம். ஃபியூச்சுரிட்டியைக் குறிவைக்கும் பயிற்சியாளர் அந்தக் குளிர்காலத்திலேயே சேணம் ஏற்றுவார். நேராகப் போவது, முகத்தை மென்மையாக வளைப்பது, இடுப்பையும் தோளையும் தனித்தனியே நகர்த்துவது, நடையிலும் பிறகு டிராட் என்னும் மெல்லோட்டத்திலும் ‘வோ’ என்றால் நிற்பது ஆகியவற்றில் முதல் ஆண்டு கழியும். வேகம், முழுச் சுழற்சி, நீண்ட சறுக்கல் ஆகியவை மூன்றாம் வயதில் வரும். அந்த ஆண்டின் குளிர்காலத்தில் போட்டி. முன்முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு இரண்டு வயதுக்கும் இரண்டரை வயதுக்கும் இடையில்தான் மூடுகிறது. முதுகெலும்பின் தட்டுகள் மூட ஐந்து வயதுக்கு மேல் ஆகும். 2002-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் உலகக் குதிரையேற்றப் போட்டிகளில் முதன்முறையாக இடம்பெற்ற ரெயினிங், 2018 ட்ரையான் போட்டிக்குப் பிறகு சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் அணைப்பை இழந்ததற்குப் பின்னாலும் இந்த வயதுப் பிரச்சினையில் அதற்கும் அமெரிக்கச் சங்கங்களுக்கும் இருந்த கருத்து வேறுபாடு ஒரு காரணமாக இருந்தது. போட்டிக்குக் கட்டாயம் இல்லாத தனி மனிதர், குட்டியை அவசரப்படுத்த எந்த நியாயமும் இல்லை. ஐந்து வயதில் முதல் போட்டிக்குப் போனால் போதும் என்று இருக்கலாம். ஆனால் அப்படி இருக்க மூன்று ஆண்டுப் பொறுமையும் தீவனச் செலவும் வேண்டும்.

குட்டி வழியின் உண்மையான சிக்கல் பணமும் காலமும் அல்ல. நிறுத்தம் எப்படி இருக்கும் என்று ஒருமுறைகூடத் தன் உடலால் உணராத ஓட்டி, அதைக் குதிரைக்குக் கற்பிக்க முயல்வதுதான் சிக்கல். என் முதல் குதிரை அப்படித்தான் வந்தது: இரண்டு வயது, சிவப்பு நிறம், நல்ல வம்சம், கனிவான கண். லோப் என்னும் நிதானப் பாய்ச்சலில் ‘வோ’ என்று சொல்லியவுடனே, அது நிற்காதோ என்ற அச்சத்தில் லகானை இழுத்துவிடுவேன். சொல்லுக்கும் இழுப்புக்கும் நடுவே குதிரை யோசிக்க ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தை நான் ஒருநாளும் கொடுக்கவில்லை. ‘வோ’ என்ற சொல் அதற்கு வாயில் வரப்போகும் வலியின் அறிவிப்பாகிவிட்டது. சொல்லைக் கேட்டதும் தலையை மேலே தூக்கும். தலை உயர்ந்தால் முதுகு குழியும். முதுகு குழிந்தால் பின்கால்கள் அடியில் வராது. முன்கால்கள் கட்டையாக நிலத்தில் குத்த, சேணத்தில் நான் தூக்கிப்போடப்படுவேன். அதைக் கெடுப்பதற்கு ஒன்பது மாதம் போதுமானதாக இருந்தது. அதன் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு நல்ல பயிற்சியாளருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் குதிரையை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நல்ல நிறுத்தம் எப்படி இருக்கும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, பத்து வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றின் மேல்தான் கற்றேன். நீண்ட ஓட்டத்தின் முடிவில் நான் செய்தது இவ்வளவே: மூச்சை விட்டு, இடுப்பைச் சேணத்தில் தளர்த்தி, கால்களை விலாவிலிருந்து எடுத்து, அந்தச் சொல்லைச் சொன்னேன். லகான் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ கதவு திறந்ததுபோல் அதன் பின்பாகம் அமிழ்ந்தது. முதுகு எனக்கு அடியில் வில்லாக உயர்ந்தது. பின் லாடங்கள் மணலைச் சீவும் ஓசை கேட்டது. முன்கால்கள் மட்டும் நடப்பதுபோல் மாறி மாறி எட்டு வைத்துக்கொண்டே இருந்தன. திரும்பிப் பார்த்தபோது இருபது அடிக்கு மேல் நீளமான இரண்டு இணைகோடுகள் மண்ணில் கிடந்தன. இங்குள்ளவர்கள் அந்தத் தடத்தைப் ‘பதினொன்று’ என்பார்கள். பத்து வயதுக் குதிரை ஐந்து வினாடியில் கற்றுக்கொடுத்ததை, எந்த விளக்கத்தாலும் எனக்குள் ஏற்றியிருக்க முடியாது. மூன்றாம் வழியை நான் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்: அந்தக் குதிரை, ஓட்டியின் உடலுக்குச் சரியான உணர்வு இன்னதென்று காட்டிவிடுகிறது, அது தெரிந்த பிறகே குட்டிக்குக் கற்பிக்கும் தகுதி வருகிறது.

வயதான குதிரைக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. ஆண்டுக்கணக்காகச் சறுக்கிய குதிரையின் ஹாக் மூட்டுகளில் தேய்மானம் இல்லாமலிருந்தால்தான் வியப்பு. ஹாக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள சிறு மூட்டுகள் அதிகம் அசையாதவை. அங்கே எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றங்களோடு, மருத்துவப் பராமரிப்பில், பல குதிரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. பின்காலின் தொங்குதசைநாரில் பழைய காயம் இருந்தால் நிலைமை வேறு. அதில் நான் துணிய மாட்டேன். எனவே வாங்கும் முன் விற்பவரின் மருத்துவர் அல்லாத வேறொரு கால்நடை மருத்துவரைக் கொண்டு, காலை மடித்துப் பிடித்து ஓடவிடும் சோதனையும், ஹாக், முழங்கால், முன் குளம்பு ஆகியவற்றின் எக்ஸ்ரேயும், வலிமருந்து கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய இரத்தச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். இந்தக் குதிரையின் விலை, பழகாத குட்டியின் விலையைப் போல் பல மடங்காக இருக்கலாம். ஆனால் குட்டிக்கு மாதந்தோறும் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். மாதம் ஆயிரம் டாலருக்குக் குறைவாக நல்ல இடம் கிடைப்பது அரிது. இரண்டரை ஆண்டுக்குப் பெருக்கினால் முப்பதாயிரம். லாடம், மருத்துவம் தனி. அந்தத் தொகையைக் குட்டியின் விலையோடு கூட்டிவிட்டு ஒப்பிட்டால், மலிவு என்று தோன்றியது மலிவாக இராது.

வயதான குதிரையைச் சவாரி செய்து பார்க்கும் நாளில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒருமுறை நான் பார்க்கப் போன குதிரை மிக அமைதியாக நின்றது. என்னை ஏற்றிக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இறங்கிச் சேணத்தைக் கழற்றியபோதுதான், சேணத்துணியின் விளிம்புக்கு வெளியே, விலாவின் ரோமத்தில் காய்ந்த வியர்வையின் வெண்கோடு தெரிந்தது. நான் வருவதற்கு முன்பே அதை மணிக்கணக்கில் ஓட்டிக் களைப்படையச் செய்திருந்தார்கள். அன்று முதல், குதிரையைக் கொட்டடியிலிருந்து பிடித்து வருவதிலிருந்து நான் அங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேணம் பூட்டும்போது வயிற்றை உப்பிக்கொண்டு கடிக்க வருகிறதா என்று பார்க்கிறேன். விற்பவர் முதலில் ஓட்டட்டும், பிறகு நாம். பெரிய வட்டத்தில் வேகமாக ஓடவிட்டு, லகானை முழுக்கத் தளர்த்தி, உடலை மட்டும் அமைதியாக்கினால் குதிரை தானாக வேகத்தைக் குறைக்க வேண்டும். மாறாக ஓட்டம் கூடினால், அதை ஓட்டியவர் கையால் பிடித்தே வைத்திருந்தார் என்று பொருள். ஓட்டத்தின் முடிவு வருவதற்கு முன்பே, சொல்லாமலே தயங்கித் தயங்கி நிற்கப் பார்க்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். இது நிறுத்தத்தை எதிர்பார்த்து அஞ்சும் குதிரையின் பழக்கம்; திருத்தலாம், ஆனால் புதியவரால் திருத்த முடியாது.

ரெயினிங்கில் புகழ்பெற்ற குதிரைகளில் ஒன்றான கர்னல்ஸ் ஸ்மோக்கிங் கன், அதாவது எல்லாரும் கன்னர் என்று அழைத்த பெயின்ட் இனப் பொலிகுதிரை, காது கேளாதது. ‘வோ’ என்ற சொல் அதற்கு எட்டவே இல்லை. ஓட்டியின் இருக்கையிலும் காலிலும் ஏற்படும் மாற்றமே அதற்குச் சொல்லாக இருந்தது. முகம் முழுக்க வெண்மையும் நீலக் கண்ணும் உள்ள குதிரைகளில் சிலவற்றுக்குச் செவிக்குறை உண்டு என்பதால், அத்தகைய குதிரையை வாங்கும்போது அதற்குப் பின்னால் நின்று மெல்லக் கைதட்டிப் பார்ப்பது நல்லது. அதை ஒரு குறையாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் வழி, அதாவது பாதி பழகிய மூன்று, நான்கு வயதுக் குதிரை, ஏற்கெனவே சில ஆண்டுகள் ஓட்டிய, பயிற்சியாளரின் மேற்பார்வையில் வாரம் இருமுறையாவது ஏறக்கூடிய ஒருவருக்கு மிக நல்ல தேர்வு. அடித்தளம் தொழில்முறையில் போடப்பட்டிருக்கும். விலையும் நடுத்தரமாக இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை ஏன் போட்டி வரிசையிலிருந்து இறக்கினார்கள்? திறமை போதவில்லை என்றால் கவலை இல்லை. பெரிய பரிசுப் பணத்துக்குப் போதாத திறமை, நம் தேவைக்கு வேண்டியதைவிட அதிகம். வேகமாக வளரவில்லை என்றாலும் நல்லது. மெதுவாக முதிரும் குதிரைகள் பிறகு நீண்ட காலம் உழைக்கும். மனம் உடைந்தது, கால் வலித்தது என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டும் விலக வேண்டும். விற்பவர் இதை நேராகச் சொல்லமாட்டார். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் சவாரி நின்றிருந்தது, ஏன் நின்றது என்று கேட்டால் விடை வந்துவிடும்.

தம்மிடம் உள்ள குதிரையைத் திருப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசியச் சங்கத்தின் போட்டிகளில் எந்த இனக் குதிரையும் பங்கேற்கலாம். அரேபியக் குதிரைகள் நன்றாகவே செய்கின்றன. உயரமான, நீண்ட முதுகுள்ள குதிரையால் வட்டம், கால்மாற்றம், பின்வாங்கல் ஆகியவற்றை அழகாகக் கற்க முடியும். நீண்ட சறுக்கலை மட்டும் அதனிடம் வற்புறுத்தக் கூடாது. மூன்று மாதம் கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தளர்ந்த லகானில் சீரான வட்டம் ஓடவும், லோப்பிலிருந்து சொல்லுக்கு நிற்கவும், சுழற்சியில் உட்புறப் பின்காலை நிலத்தில் நிறுத்தி, வெளிப்புற முன்காலை உட்புறக் காலுக்கு முன்னால் குறுக்கே எடுத்து வைக்கவும் தொடங்கியிருந்தால் மேலே போகலாம். அந்தக் குறுக்கடியைப் பின்னால் எடுத்து வைத்தால், குதிரை முன்னோக்கி நகராமல் பின்னுக்குச் சாய்கிறது என்று பொருள். சிறு வட்டத்தில் நடக்கவைத்து, மறுபடி மெல்லச் சுருக்க வேண்டும். எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், அந்தக் குதிரை இதுவரை செய்து வந்த வேலைக்கே திரும்பட்டும். அதில் அதற்கும் இழுக்கில்லை, உங்களுக்கும் இழுக்கில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பயிற்சியில் மாறாத சில செய்திகள் உண்டு. முதலாவது தரை. கெட்டியான களிமண் அடித்தளத்தின் மேல் இரண்டு மூன்று அங்குலம் தளர்ந்த மணல் கலந்த மண் பரப்பப்பட்ட களத்தில்தான் குதிரை சறுக்க முடியும். பின் குளம்புகளுக்கு அகலமான, வழவழப்பான, ஆணித்தலை மேலே நீட்டாத தனி லாடம் வேண்டும். ஒரு அங்குல அகலத்தில் தொடங்குவது போதும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் குதிரையைச் சறுக்கச் சொல்வது, அதன் தசைநாரைக் கிழிக்கச் சொல்வதற்குச் சமம். இரண்டாவது, முழு அமைப்பையும் வீட்டுக் களத்தில் ஓட்டிப் பழகக் கூடாது. குதிரை வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளும். நடுப்புள்ளியில் கேட்கும் முன்பே காலை மாற்றும், ஓட்டத்தைத் தொடங்கும் மூலையில் பதறும். ஆகவே பகுதி பகுதியாகவும், இடம் மாற்றியும் பழக்குவார்கள். கால்மாற்றத்தை ஒருநாளில் இரண்டு மூன்றுக்கு மேல் கேட்பதில்லை. நிறுத்தத்துக்காக நேராக வேலியை நோக்கி ஓட்டி, வேலியே குதிரையை நிறுத்தும்படி விடுவது பழைய, நல்ல முறை; ஓட்டி இழுக்கத் தேவையில்லாததால் குதிரை நேராக ஓடவும் அஞ்சாமல் நிற்கவும் கற்கிறது.

வாங்கிய பின் முதல் முப்பது நாளில் என்ன செய்வது என்பதையும் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் நல்ல தேர்வுகள் பல அங்கேதான் கெட்டுப்போகின்றன. பத்து வயதுக் குதிரை உங்களுடையதான மறுநாளே அதன் சறுக்கலை நண்பர்களுக்குக் காட்ட ஆசை வரும். அது வேண்டாம். முதல் வாரம் நடையும் டிராட்டும் மட்டும். பழைய உரிமையாளர் பயன்படுத்திய அதே கடிவாளம், அதே தீவனம், முடிந்தால் அதே லாடக்காரர். இரண்டாம் வாரத்தில் தளர்ந்த லகானில் மெதுவான வட்டங்கள். மூன்றாம் வாரத்தில் லோப்பிலிருந்து நான்கைந்து நிறுத்தங்கள், ஒவ்வொன்றின் பின்னும் குதிரை மூச்சு இறங்கும்வரை நின்றபடியே ஓய்வு. நான்காம் வாரம், அதை முன்பு ஓட்டிய பயிற்சியாளர் இருக்கும் இடத்துக்கு ஏற்றிச் சென்று, அவர் முன்னிலையில் ஒரே ஒரு முழு ஓட்டமும் ஒரே ஒரு நிறுத்தமும் கேளுங்கள். நன்றாக வந்தால் அன்றைய வேலை அத்துடன் முடிந்தது. அங்கேயே இறங்கி, சேணவாரைத் தளர்த்தி, கொட்டடி வரைக்கும் அதனோடு நடந்து போங்கள்.